பத்துக்கு எத்தனை

"வலி பத்துக்கு எத்தனை?" என்று
ஒரு நைட்டுக்கு நாற்பது தடவை கேட்கிறேன்.
பர்தமானிலிருந்து வந்தவருக்கு பேத்தா,
சித்தூர்க்காரருக்கு நொப்பி,
பாலக்காட்டம்மாவுக்கு வேதன,
ராஞ்சிப் பையனுக்கு தர்த்.
வேலூரில் பதினொரு வருஷம் நர்ஸாக இருந்தால்
இத்தனை பாஷையில் வலி தெரிந்துவிடும்.
சார்ட்டில் எழுதும்போது வெறும் எண்தான்.

இன்று விடியற்காலை நாலேகாலுக்கு
பதினேழாம் கட்டில். தொண்ணூற்றிரண்டு கிலோ.
புரட்டிப் போட நாலு பேர் வேண்டும்,
நானும் போன வாரம் சேர்ந்த ஹெப்சிபாளும் இருந்தோம்.
"நான் எண்ணட்டுமா சிஸ்டர்?"
எண்ணினாள்.
மூன்று வருவதற்குள் என் இடுப்பில் ஏதோ ஒன்று
துருப்பிடித்த தாழ்ப்பாள்போல் நழுவி
வேறெங்கோ மாட்டிக்கொண்டது.
"கொஷ்டோ தில்லாம்" என்றார் பெரியவர், கூச்சத்தோடு.
கொஷ்டோ என்றால் கஷ்டம்.
அதற்கு மட்டும் யாரும் அர்த்தம் சொல்ல வேண்டாம்.
ஒன்றுமில்லை தாதா என்றேன்.
டார்ச் அடித்து முதுகில் புண் இருக்கிறதா பார்த்தேன்,
அவர் முதுகில்.

ரெண்டாம் நம்பர் பஸ்ஸில்
காலேஜ் பெண்ணொருத்தி எழுந்து இடம் கொடுத்தாள்.
உட்கார்ந்தால் எழ முடியாது என்பதை
காலை எட்டு மணிக் கூட்டத்தில் எப்படிச் சொல்ல?
"அடுத்த ஸ்டாப்ல இறங்கிடுவேன்மா."
காட்பாடிக்கு இன்னும் நிறைய ஸ்டாப் இருந்தது.
பாலாற்றுப் பாலத்தில்
ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு குதி குதித்தது பஸ்.
கீழே மணல், சீமைக்கருவேலம், ஒரு கோடு தண்ணீர்.
பாலத்துக்கு எத்தனை முதுகெலும்பு என்று
எண்ணிக்கொண்டே வந்தேன்.

ஏழரைக்கே பூபாலனின் கம்பெனி வேன்
ராணிப்பேட்டைக்குப் போயிருக்கும்.
எட்டேகாலுக்கு நான் வீடு சேர்வதற்குள்
பக்கத்து வீட்டு ரமீஜா தலை வாரிவிட்டு
கெசியாவை ஸ்கூல் ஆட்டோவில் ஏற்றியிருப்பாள்.
வாசலில் அவள் விட்டுப்போன ரிப்பன்.
குனிந்து எடுக்கவில்லை.
கால் விரலால் ஓரமாகத் தள்ளினேன்.

சனிக்கிழமை காலையில் பேரன்ட்ஸ் மீட்டிங்.
ரோஸ்டரில் வெள்ளிக்கிழமைக்கு நேராக 'என்'.
நைட்டுக்கு முதலெழுத்து.
தமிழாக வாசித்தால் என்னுடையது என்றாகிறது.
என், என், என் என்று மாசத்துக்கு எட்டு ராத்திரி,
ஒன்றுகூட என்னுடையதில்லை.
போன மீட்டிங்கில் டீச்சர் எதிரிலேயே தூங்கிவிட்டேன்.
"ரொம்ப வீக்கா இருக்காங்க" என்றார்,
பிள்ளையையா என்னையா, கேட்கவில்லை.

சாயங்காலம் ஆறேகாலுக்கு அவர் வருகிறார்,
ஏழு மணி பஸ்ஸுக்கு நான் போக வேண்டும்.
அந்த முக்கால் மணியில்தான்
டீயும் குடிக்க வேண்டும், சண்டையும் போட வேண்டும்.
"இன்னா, உங்க ஆஸ்பத்திரியில வேற நர்ஸே இல்லியா?"
"உங்க கம்பெனியில ஒருநாள் லீவே இல்லியா?"
நாளெல்லாம் நின்றபடி ஷூவுக்கு சோல் ஒட்டுகிறவர்.
சட்டையில் கோந்து வாடை.
ரெண்டு முட்டியும் போய்விட்டது,
சூப்பர்வைசருக்குத் தெரியாமல்
பெஞ்சில் சாய்ந்துகொள்வாராம்.
ஜெயித்தது யார் என்று தெரிவதற்குள் டீ ஆறிப்போனது.

ஹாலில் ஏழாம் வாய்ப்பாட்டின்மேல் கன்னம் வைத்து
தரையிலேயே தூங்கிவிட்டிருந்தாள் கெசியா.
இருபத்தாறு கிலோ.
நான் அவரைப் பார்த்தேன்.
அவர் என்னைப் பார்த்தார்.
யாரும் குனியவில்லை.

பிறகு நான்தான் போர்வையை எடுத்துவந்தேன்.
பாதி சுருட்டி அவள் பக்கவாட்டில் செருகி
மெல்ல உருட்டி, மறுபுறம் இழுத்து விரித்தேன்.
"ஓரத்தை இறுக்கிப் பிடிங்க.
முதுக வளைக்காதீங்க, முட்டிய மடிங்க."
"முட்டிதான் போச்சே."
"அப்ப பாதி மடிங்க. மூணுன்னா தூக்கணும்."
ஒண்ணு. ரெண்டு.
கல்யாணமாகிப் பத்து வருஷத்தில்
நாங்கள் சேர்ந்து ஒன்றை எண்ணியது
சீட்டுப் பணத்துக்கு அப்புறம் இதுதான்.
கட்டிலில் இறங்கியபோது கெசியா
தூக்கத்தில் "ஏழேழு" என்றாள்,
விடை சொல்லாமல் திரும்பிப் படுத்தாள்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
நிமிர வரவில்லை.
அவர் பார்த்துவிட்டார்.
"வலிக்குதா?"
"ஏழு" என்றேன்.

பூபாலன் சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார்.
"ஏழுக்கு இன்னும் பத்து நிமிஷம் கீது.
கொஞ்சம் படு."

படுத்தேன்.